‘பெண்களுக்குக் கவலை இல்லை’ என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். காபியை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு வரி படித்துவிட்டு ‘அருமை டீச்சர்’ என்று போட்டு ஓடிவிடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியவள் நான்.

எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு ஆடியோ வந்தது. யார் பேசியது என்று தெரியாது, நல்ல கணீர்க் குரல். சாராம்சம் இதுதான்: டெங்கு, கொரோனா மாதிரி வைரஸ் காய்ச்சலில் கிட்னி பாதிக்கப்படுவது ஆண்களுக்குத்தான் அதிகம், பெண்களுக்கு ஹார்மோனே கவசம், அது இயற்கை கொடுத்த வரம், ஆகவே சகோதரிகளே, வீட்டிலுள்ள ஆண்களை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கைகூப்பிய படங்கள். ‘பயனுள்ள தகவல்’ என்று ஒரு முன்னாள் தலைமையாசிரியை வேறு!

முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இது பாதி உண்மை. பாதி உண்மைதான் எப்போதும் ஆபத்து. பிள்ளைகள் கணக்கில் முதல் மூன்று படியைச் சரியாகப் போட்டுவிட்டு நாலாவது படியில் குறியை மாற்றிப் போடுவார்களே, அந்த மாதிரி. விடை தப்பு, ஆனால் பார்க்க அழகாக இருக்கும்.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுகிறேன். 2020-ல் நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவமனைகளில் கொரோனாவோடு சேர்க்கப்பட்ட 3,993 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 46 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டது. கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். நாம் எல்லோரும் நுரையீரல், ஆக்சிஜன் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம், அங்கே சிறுநீரகம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாதிப்பு யாருக்கு மிகக் கடுமையானது என்று பார்த்தபோது மூன்று விஷயங்கள் தனியாகத் தெரிந்தன. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பது, சேரும்போதே ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருப்பது, மூன்றாவது, ஆணாக இருப்பது. டெங்குவிலும் பல மருத்துவமனைக் கணக்குகளில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் ஆண்கள்தான் கூடுதல்.

இதற்கு உடலுக்குள்ளேயே காரணங்கள் உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. வைரஸ் உள்ளே நுழைந்ததும் மணி அடித்து உடலை எழுப்புகிற மரபணுக்களில் முக்கியமான ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. டி.எல்.ஆர்.7 என்று பெயர். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. அதில் ஒன்று பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், ஆனால் இந்த மரபணு மட்டும் சில செல்களில் அடங்குவதில்லை. அதனால் மணி கொஞ்சம் பலமாகவே அடிக்கிறது. எலிகளில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சிறிது நேரம் அடைத்துத் திறந்து பார்த்த சோதனைகளிலும் ஆண் எலிகளுக்குத்தான் சேதம் அதிகம். ஈஸ்ட்ரோஜன் இருந்தால் சேதம் குறைகிறது, டெஸ்டோஸ்டிரோன் இருந்தால் கூடுகிறது. இவ்வளவும் சரி. மூன்று படியும் சரி.

நாலாவது படியில்தான் வழுக்கல். ‘ஆகவே பெண்களுக்குக் கவலை இல்லை.’

எலியை விடுங்கள், மனுஷியைப் பாருங்கள். அந்தக் கவசம் ஈஸ்ட்ரோஜன் என்றால், மாதவிடாய் நின்றபின் அது எங்கே? அந்த ஆடியோவுக்குக் கட்டைவிரல் போட்ட எங்கள் குழுவிலுள்ள அம்மாக்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். நமக்கு அந்த வரம் வாபஸ் வாங்கப்பட்டு வருஷம் பத்துக்கு மேல் ஆகிறது, சகோதரிகளே!

அடுத்தது இன்னும் முக்கியம். ஆண்களுக்கு நோய் அதிகம் வருகிறது என்பது ஒன்று. வந்தபின் யார் பிழைக்கிறார்கள் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஊட்டுகிறார்கள். ஹான்டா வைரஸ் என்று ஒரு வகை இருக்கிறது. எலிகளின் மூத்திரம், எச்சம் கலந்த தூசியைச் சுவாசித்தால் வரும். அதில் ஆசியாவில் பரவும் இனங்கள் தாக்குவதே சிறுநீரகத்தைத்தான். காய்ச்சல், ரத்தக்கசிவு, சிறுநீர் நின்றுபோவது. 1950-களின் தொடக்கத்தில் கொரியப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்கள் இதில் விழுந்தார்கள். என்ன கிருமி என்றே தெரியவில்லை. 1976-ல்தான் ஹோ வாங் லீ என்ற கொரிய அறிஞர் வயல் எலியில் அதைக் கண்டுபிடித்தார். ஹான்டன் என்ற ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இந்த நோய் சீனாவில் மிக அதிகம். அங்கே 2004 முதல் 2008 வரை பதிவான நோயாளிகளை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. நோய் வந்தவர்களில் ஆண்களே அதிகம். வயலில், கட்டட வேலையில், தூசியில் இருப்பவர்கள் அவர்கள். ஆடியோ பேசியவர் இதோடு நிறுத்தியிருப்பார். ஆய்வு நிறுத்தவில்லை. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தது. இருபதிலிருந்து முப்பத்தொன்பது வயது வரையிலும், ஐம்பதுக்கு மேலும், அந்த விகிதம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கூடுதல். வந்தது குறைவு, வந்தால் போனது அதிகம். சிறுநீரகத்தையே குறிவைக்கும் வைரஸ் நோயிலேயே இதுதான் நிலைமை. கவசம் எங்கே போயிற்று?

(ஒரு இடைச்செருகல். ஹான்டா குடும்பத்து வைரஸ்களில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் வைரஸ் கொரியாவிலோ சீனாவிலோ கிடைத்ததல்ல. 1964-ல் எங்கள் வேலூரில் ஒரு மூஞ்சூற்றில் கிடைத்தது. பெயரே தோட்டப்பாளையம் வைரஸ். அது இந்தக் குடும்பம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. மனிதர்களுக்குப் பெரிய நோய் தருவதாகத் தெரியவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் தோட்டப்பாளையத்தில் குடியிருக்கிற என் பழைய மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டாமா?)

இப்போது நான் இந்தப் பதிவை எழுதியதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். கிரியாட்டினின்.

நம் எல்லோர் வீட்டு பீரோவிலும் லேப் ரிப்போர்ட் பை ஒன்று இருக்கும். எடுத்துப் பாருங்கள். கிரியாட்டினின் என்று ஒரு வரி. பக்கத்தில் உங்கள் எண். அதற்குப் பக்கத்தில் இயல்பு அளவு. பல சின்ன லேப்களில் 0.6 முதல் 1.2 வரை அல்லது 1.3 வரை என்று ஒரே வரம்புதான் அச்சடித்திருப்பார்கள். ஆணுக்கும் அதுவே, பெண்ணுக்கும் அதுவே. இருபது வயது கபடி ஆட்டக்காரனுக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் அதுவே.

கிரியாட்டினின் என்பது என்ன? தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு. தசை எவ்வளவோ அவ்வளவு உண்டாகும். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் தேங்கும். ஐந்தாம் வகுப்புத் தண்ணீர்த்தொட்டிக் கணக்குதான். மேலே ஒரு குழாய், கீழே ஒரு ஓட்டை. தண்ணீர்மட்டம் ஒன்றே என்பதால் ஓட்டையும் ஒன்றே என்று சொல்ல முடியுமா? மேலே குழாய் சிறியதாக இருந்தால், கீழே ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாலும் மட்டம் உடனே ஏறாது. பெண்ணுக்குத் தசை குறைவு. வயதான பெண்ணுக்கு இன்னும் குறைவு. குழாய் சிறியது. ஆகவே ஓட்டை பாதி அடைத்தபின்னும் மட்டம் ‘நார்மல்’ என்றே காட்டும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். வயது, ஆணா பெண்ணா, கிரியாட்டினின் எவ்வளவு என்பதை வைத்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட 2021-ல் திருத்திய சூத்திரம் ஒன்று இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர் என்பார்கள். அறுபது வயது ஆண், கிரியாட்டினின் 1.1. விடை ஏறக்குறைய 77. வயதுக்குப் பரவாயில்லை. அறுபது வயதுப் பெண், அதே 1.1. விடை ஏறக்குறைய 57. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர். ஒரே எண், ஒரே வயது, ஒரே காகிதம். ஒருவருக்கு ‘போய் வாங்க’, இன்னொருவருக்கு நோய். ஆனால் காகிதத்தில் இருவருக்கும் ‘நார்மல்’.

இந்தச் சூத்திரங்களின் பூர்வீகமும் ரசமானது. பல வருஷம் உலகமெல்லாம் மருந்தின் அளவை முடிவு செய்யப் பயன்பட்ட சூத்திரம் 1976-ல் கனடாவில் இரண்டு பேர் வெளியிட்டது. காக்ராஃப்ட், கால்ட் என்று பெயர். 249 பேரை வைத்துச் செய்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள்! பெண்களுக்கு? விடையை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெண்களை அளந்து வந்த எண் அல்ல அது. தசை குறைவாகத்தானே இருக்கும், பதினைந்து சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்று சேர்த்தது. ஆம்பளை சட்டையை வாங்கி இடுப்பில் இரண்டு பிடி பிடித்து ரவிக்கை என்று கொடுத்த கதை.

இன்னொரு கணக்கு. திடீர்ச் சிறுநீரக பாதிப்பு என்று எதைச் சொல்வது என்பதற்கு 2012-லிருந்து உலகம் முழுக்க ஒரு விதி. கிரியாட்டினின் இரண்டு நாளுக்குள் 0.3 ஏறவேண்டும், அல்லது ஒரு வாரத்துக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஆகவேண்டும், அல்லது ஆறு மணி நேரமாகச் சிறுநீர் மிகக் குறைந்திருக்கவேண்டும். ஒரு ஆணுக்கு 1.1 இருந்தது, 1.4 ஆனது. ஏற்றம் 0.3. சுமார் 27 சதவீதம். கணக்கில் சேர்ந்துவிட்டார். ஒரு பெண்ணுக்கு 0.6 இருந்தது, 0.85 ஆனது. ஏற்றம் 42 சதவீதம். ஆனால் 0.3-ஐத் தொடவில்லை, ஒன்றரை மடங்கும் ஆகவில்லை. கணக்கில் இல்லை! 42 பெரிதா, 27 பெரிதா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள்.

இப்படி எண்ணி எடுத்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் ‘ஆண்களுக்கே அதிகம்’ என்கிறோம். முழு வித்தியாசமும் கணக்குக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிலும் ஆண்கள் கூடுதல் என்று மேலேயே எழுதிவிட்டேன். ஆனால் லேசாக, நடுத்தரமாகப் பாதிக்கப்பட்ட எத்தனை பெண்கள் இந்தச் சல்லடையில் விழாமலே போகிறார்கள் என்று யாராவது கேட்டோமா? லேசாக இருக்கும்போது பிடித்தால்தானே கடுமையாகாமல் தடுக்க முடியும்?

என் நாத்தனார் விஷயம் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் டெங்கு. வயது அறுபது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கித் தின்னும் பழக்கம் வேறு. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி என்று பக்கத்துக் கிளினிக்கில் வலி ஊசி போட்டிருக்கிறார்கள். நான் போனபோது ரிப்போர்ட்டை நீட்டினாள். பிளேட்லெட் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் பெரிய வட்டம். எல்லோருக்கும் பிளேட்லெட் மேலேயே கண். கிரியாட்டினின் 1.1.

“அது நார்மல்னு போட்டிருக்கு அண்ணி, அதை விடுங்க” என்றாள்.

முந்தின வருஷம் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன். அப்போது எடுத்த ரிப்போர்ட் அதே பையில் அடியில் கிடந்தது. அதில் 0.7. ஏழைப் பதினொன்றாக்கினால் ஒன்றரை மடங்குக்கு மேல். ‘நார்மல்’ என்ற வார்த்தைக்குள்ளேயே சிறுநீரகம் பாதி வழி இறங்கிவிட்டது. “கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போன?” என்று கேட்டேன். கூடத்தில் அவள் மருமகன் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்ல வெட்கம். உள்ளே கூட்டிப்போய்க் கேட்டால், முந்தின நாள் ராத்திரி கொஞ்சம், அதுவும் கட்டன் காபி நிறத்தில். அன்றே வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாளில் 2.6 வரை ஏறி, பிறகு இறங்கியது. டயாலிசிஸ் வரை போகவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள்.

ஏன் வலி ஊசியைச் சொல்கிறேன் என்றால், டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறையும். அப்போது சிறுநீரகம் தன் வாசல் குழாயை விரித்துவைத்துத்தான் சமாளிக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் அந்த விரிப்பைத் தடுத்துவிடும். ஏற்கெனவே வற்றிய வாய்க்காலில் மடையையும் அடைப்பது போல. இதோடு ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. அதனால்தான் டெங்குவுக்குப் பாராசிட்டமால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மலேசியாவில் 667 டெங்கு நோயாளிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட கட்டுரையில், சிறுநீரகம் பாதிக்கக் காரணமானவற்றில் இரண்டைப் பாருங்கள்: ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருவது, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்வது.

இந்த இரண்டையும் நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். மூட்டு வலி மாத்திரையை நிரந்தரமாகத் தின்பது யார்? மாதவிடாய் வலிக்கு மாத்திரை போடுவது யார்? காய்ச்சல் வந்தால் ‘இந்தச் சமையலை முடிச்சிட்டுப் படுக்கிறேன்’ என்று மூன்று நாள் தள்ளிப்போடுவது யார்? புருஷனுக்கு 99 டிகிரி என்றால் ஆட்டோ வரும். பொண்டாட்டிக்கு 102 என்றால் ரசம் வரும், அதையும் அவளே வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் வேலை பார்த்த ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஒன்றில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை என்று ஒரு சுவர் மட்டும் இருந்தது. கதவு இல்லை, தண்ணீர் இல்லை. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் சாயங்காலம் வீட்டில்தான். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து நிரம்பியபடியே திரும்பக் கொண்டுபோவார்கள். நாங்கள் ஆசிரியைகளும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் தோல், செருப்புக் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப்போகிற பெண்களைக் கேளுங்கள். பாத்ரூம் போகும் நேரத்தைக் கணக்குப் பார்ப்பார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைப் பார்த்த எந்தப் பெண்ணும் பயணத்தில் தண்ணீர் குடிக்கமாட்டாள். இப்படிச் சாதாரண நாளிலேயே பாதி வற்றிய உடம்போடு இருப்பவளுக்கு வைரஸ் காய்ச்சல் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து தண்ணீர் ஊற்றுமா?

சிறுநீரகம் போனபின் கதை இன்னும் தெளிவு. நம் நாட்டில் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களின் நீண்டகாலக் கணக்கைப் பார்த்தால் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். சமீப வருஷங்களில் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனாலும் ஆண்கள்தான் மிக அதிகம். உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில்? பெரும்பான்மை பெண்கள். தாய், மனைவி, அக்கா. கொடுக்கும்போது பெண்ணின் சிறுநீரகம் நல்ல சிறுநீரகம், அவளுக்கே வேண்டும் என்னும்போது ‘இந்த வயசுல எதுக்கு’. மருத்துவமனைப் படுக்கையில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் ஆய்வில் எண்ணப்படுகிறார்கள். வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவரப்படாதவள் எந்த அட்டவணையிலும் இல்லை.

கர்ப்பிணிகள் விஷயம் தனிப் பதிவுக்கு உரியது, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டும். கிரியாட்டினின் 0.4, 0.5, 0.6 என்று இறங்கி நிற்பதுதான் அப்போது இயல்பு. காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கு 1.0 இருந்தால் அது எச்சரிக்கை. அதே காகிதம் அதற்கும் ‘நார்மல்’ என்றுதான் சொல்லும். கொரோனா வந்த கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் சிக்கல் கூடுதலாக வந்தது என்பதும் ஆய்வுகளில் வந்த செய்தி. எந்த ஆணுக்கும் வராத சிறுநீரகச் சிக்கல் இது. ஆண், பெண் ஒப்பீட்டில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

இனி எனக்கு வரப்போகும் பின்னூட்டங்கள் தெரியும். ‘டீச்சர் ஆண்களுக்கு எதிரி ஆகிவிட்டார்.’ ஐயா, வெயிலில் மூட்டை தூக்கிவிட்டு, காய்ச்சலோடு கடைக்குப் போய் ஒரு குவார்ட்டரையும் போட்டுவிட்டு வந்து விழுகிற ஆணின் சிறுநீரகம் எனக்கு மட்டும் வேண்டாததா? ஆணுக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், அவன் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அதற்கு அடுத்த வரியில் பெண்ணை அனுப்பாமல் இருக்கக் காரணம் எழுதாதீர்கள் என்பதுதான் என் சண்டை.

இன்னொரு பின்னூட்டமும் வரும்: ‘நீங்கள் டாக்டரா?’ இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள். எந்த மருந்தைச் சாப்பிடு என்று நான் சொல்லவில்லை. விகிதமும் சதவீதமும் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்கினேன். இங்கே நான் போட்டிருப்பதும் அதே கணக்குதான். தப்பு இருந்தால் எந்தப் படியில் என்று காட்டுங்கள். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலின் நடுவில், கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த இ.ஜி.எஃப்.ஆர் சூத்திரம் சரியாகப் பொருந்தாது. ஏன் தெரியுமா? உண்மை நிலைமை அந்த விடையைவிட மோசமாக இருக்கும்.

லேப் வைத்திருப்பவர்களுக்கு, அதில் என் மாணவர்களும் இரண்டு பேர் உண்டு: சீட்டில் வயதும் ஆணா பெண்ணா என்பதும் ஏற்கெனவே அச்சாகிறது. கம்ப்யூட்டரும் இருக்கிறது. அந்த இ.ஜி.எஃப்.ஆர் வரியைச் சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை. பெண்களுக்குத் தனி வரம்பு அச்சடிக்க எவ்வளவு மை ஆகும்? செய்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், உங்கள் லேபின் பெயரைப் போட்டு நானே பாராட்டி எழுதுகிறேன்.

அரசுக்கும் ஒன்று. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வருகிறது. நல்ல திட்டம், எங்கள் தெருவில் எத்தனையோ கிழவிகள் அதில்தான் மாத்திரை விடாமல் சாப்பிடுகிறார்கள். வீடு தேடி வருகிற அந்தப் பெண்களிடம் காய்ச்சல் காலத்தில் இரண்டே கேள்வி கூடுதலாகக் கொடுங்கள்: என்ன வலி மாத்திரை சாப்பிடுகிறாய், இன்று எத்தனை தடவை சிறுநீர் போனாய். பெண் கேட்டால் பெண் பதில் சொல்வாள். டெங்குக் கணக்கை வெளியிடும்போது எத்தனை ஆண், எத்தனை பெண், யாருக்குச் சிறுநீரகம் பாதித்தது, காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் சேர்ந்தார்கள் என்றும் சேர்த்து வெளியிடுங்கள். சேர்ந்த நாளை மட்டும் ஆண், பெண் என்று பிரித்துப் போட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

அந்த ஆடியோவைக் குழுவில் போட்ட சாருக்கு இந்தப் பதிவின் இணைப்பை அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

நீங்கள் இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள பெண்களின், அம்மாவோ மாமியாரோ மனைவியோ, உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த பழைய கிரியாட்டினின் எண்ணைத் தேடி எடுத்துத் தேதியோடு செல்போனில் குறித்துவையுங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை எடுத்துவையுங்கள். காய்ச்சல் வரும்போது டாக்டரிடம் புது எண்ணோடு அந்தப் பழைய எண்ணையும் காட்டுங்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்குப் பின்னூட்டத்தில் போடாதீர்கள், நான் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டேன். கணக்கில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். நாளைக் காலை ரேஷன் கடைக்குப் போகவேண்டும், பதினொரு மணிக்கு மேல் பதில் எழுதுகிறேன்.